நூற்றாண்டு அணியில் 28 எங்கே? தேர்வுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்க ஃபுட்பால் லீகான என்.எஃப்.எல்.-இன் நூற்றாண்டு அணியைத் தேர்ந்தெடுத்த 26 பேர் குழுவினருக்கு,

வணக்கம்.

2019 நவம்பரில், லீகின் நூறாவது சீசனையொட்டி, எல்லாக் காலத்துக்குமான அணியை நீங்கள் அறிவிக்கத் தொடங்கினீர்கள். முதலில் வந்தது ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்) பட்டியல். 12 பெயர்கள்: ஜிம் பிரவுன், வால்டர் பேட்டன், பாரி சாண்டர்ஸ், எம்மிட் ஸ்மித், எரிக் டிக்கர்சன், ஓ.ஜே. சிம்ப்சன், ஏர்ல் கேம்பல், கேல் சேயர்ஸ், லென்னி மூர், மேரியன் மோட்லி, ஸ்டீவ் வான் பியூரன், டச் கிளார்க். நிகழ்ச்சி முடிந்த பிறகும் நான் டிவியை அணைக்கவில்லை. ஒரு பெயர் விட்டுப்போயிருக்கிறது, எப்படியும் சொல்லிவிடுவார்கள் என்று உட்கார்ந்திருந்தேன். சொல்லவில்லை. 28-ஆம் எண் சட்டை அணிந்து ஆடிய மார்ஷல் ஃபால்க் அதில் இல்லை. லடேனியன் டாம்லின்சனும் இல்லை.

இத்தனை ஆண்டு கழித்து இதை ஏன் கிளற வேண்டும்? உங்களில் சிலர் மறைந்தும் விட்டார்கள். ஆனால் யார் பெரிய ரன்னிங் பேக் என்ற பேச்சு எங்கே எழுந்தாலும் உங்கள் பட்டியலைத்தான் எடுத்து மேசையில் போடுகிறார்கள். "நூறு வருஷத்துப் பட்டியலிலேயே அவர் இல்லையே" என்ற ஒரே வரியில் ஃபால்க்கின் பெயர் பேச்சிலிருந்து விழுந்துவிடுகிறது. என் மகன் வயதுப் பிள்ளைகள் அவர் ஆடிப் பார்த்ததில்லை. அவர்களுக்கு உங்கள் பட்டியல்தான் சாட்சி. அதனால்தான் எழுதுகிறேன்.

பட்டியலை ஆண்டுவாரியாக வைத்துப் பார்த்தபோது ஒன்று என்னை உறுத்தியது. 12 பேரில் கடைசியாக லீகுக்குள் வந்தவர் எம்மிட் ஸ்மித். அவர் வந்தது 1990-இல். அதற்குப் பிறகு வந்த ஒரு ரன்னிங் பேக்குக்கும் உங்கள் அணியில் இடமில்லை. மற்ற இடங்களில் நீங்கள் இப்படிச் செய்யவில்லை. டாம் பிராடி, லாரி ஃபிட்ஸ்ஜெரால்ட், ஆடம் வினட்டேரி ஆகியோரை அவர்கள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தபோதே சேர்த்தீர்கள். குவார்ட்டர்பேக்கிலும் (பந்தை எறிபவர்) ரிசீவரிலும் (அதைப் பிடிப்பவர்) புதியவர்களைக் கண்ட உங்கள் கண், ரன்னிங் பேக் என்று வந்ததும் ஏன் 1990-உடன் நின்றது?

என் பதில் இது. ரன்னிங் பேக்கின் வேலை மாறிவிட்டது. நீங்கள் பழைய அளவுகோலை வைத்து அளந்தீர்கள்.

இந்தப் பத்தியில் உங்களுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. மடலைப் படிக்கும் தமிழ் நண்பர்களில் ஆட்டம் பழகாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான்கு வாய்ப்புக்குள் பந்தைப் பத்து யார்டு நகர்த்த வேண்டும். குவார்ட்டர்பேக்கின் பின்னாலோ பக்கத்திலோ நிற்பவர்தான் ரன்னிங் பேக். பந்தைக் கையில் வாங்கி, நூற்று முப்பது கிலோ ஆட்கள் முட்டிக்கொண்டிருக்கும் சந்தில் புகுந்து ஓடுவது அவருடைய முதல் வேலை. எறிகிற பந்தைப் பிடிப்பது இரண்டாவது. மூன்றாவது வேலை பெரும்பாலும் நம் கண்ணில் படாது: குவார்ட்டர்பேக்கைச் சாய்க்க ஓடிவரும் ஆளுக்குக் குறுக்கே போய் விழுந்து தடுப்பது. இந்த மூன்றில் முதல் வேலைக்கு மட்டும்தான் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்லும் கணக்கு உண்டு. ஸ்மித் 18,355 யார்டு, பேட்டன் 16,726, சாண்டர்ஸ் 15,269. ஒரே சீசனுக்கு என்றால் டிக்கர்சன் 1984-இல் ஓடிய 2,105. நாற்பது ஆண்டு கழித்து சேக்வான் பார்க்லி 2,005 வரை வந்து நின்றார். அந்தக் கணக்கு இன்னும் அசையவில்லை.

நான் 1999 கோடையில் செயின்ட் லூயிஸ் நகரத்துக்கு வேலைக்கு வந்தவன். அலுவலகத்தில் பக்கத்து மேசையில் இருந்த பெரியவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர் அணியான ராம்ஸின் ஆட்டம் பார்க்கத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். பந்து யார் கையில் இருக்கிறது என்று தேடித் தேடி எனக்குக் கண் வலித்ததுதான் மிச்சம். அதைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "பந்தை விடு. 28-ஐ மட்டும் பார்."

பார்த்தேன். ஒரு தடவை 28 பந்தை வாங்கிக்கொண்டு இடப்பக்கம் ஓடினார். நின்றாற்போல ஒரு கணம், பிறகு வெட்டித் திரும்பி ஆறு யார்டு. அடுத்த தடவை அவரிடம் பந்து வரவே இல்லை. நடுவில் எதிரணியின் காப்பாட்டக்காரரான ஒரு லைன்பேக்கர் குவார்ட்டர்பேக் கர்ட் வார்னரை நோக்கிப் பாய்ந்தார். 28 இரண்டு எட்டு வைத்து அவருடைய மார்பில் தோளைக் கொடுத்தார். அந்த ஒரு நொடியில் பந்து ரிசீவர் ஐசக் புரூஸிடம் பறந்துவிட்டது. மூன்றாவது தடவை ஆட்டம் தொடங்கும் முன்பே அவர் தன் இடத்தை விட்டு மைதானத்தின் ஓரத்துக்குப் போய் ரிசீவரைப் போல நின்றார். அவரைக் காக்க வேண்டிய லைன்பேக்கர் பின்னாலேயே ஓடினார், நடுப்பகுதி காலியானது. "இப்போ யாருக்கு வேலை செஞ்சார்னு புரியுதா?" என்று பெரியவர் கேட்டார். புரிந்தது. மூன்று தடவையும் ஆட்டத்தை நடத்தியவர் அவர். ஓட்டக் கணக்கில் ஏறியது ஆறு யார்டு.

அந்த சீசனில் ஃபால்க் 1,381 யார்டு ஓடினார், பிடித்த பந்துகளில் 1,048 யார்டு எடுத்தார். இரண்டிலும் ஒரே சீசனில் ஆயிரத்தைத் தாண்டியவர் அவருக்கு முன் ஒரே ஒருவர்தான், 1985-இல் ரோஜர் கிரெய்க். கூட்டினால் 2,429 யார்டு, அன்றைக்கு அது லீகின் சாதனை. 1999, 2000, 2001 என்று தொடர்ந்து மூன்று முறை ஆண்டின் சிறந்த தாக்குதல் வீரர் விருது அவருக்கே போனது. 2000-இல் லீகின் மிகச் சிறந்த வீரருக்கான எம்.வி.பி. விருதும் சேர்ந்துகொண்டது. அந்த ஆண்டு 14 ஆட்டங்களில் 26 டச்டவுன், அதாவது எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுசேர்த்துப் புள்ளி எடுப்பது.

2000 ஜனவரியில் அட்லாண்டாவில் நடந்த சூப்பர் பவுலை, அதாவது லீகின் இறுதி ஆட்டத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். ராம்ஸ் 23, டைட்டன்ஸ் 16. ஃபால்க்கின் ஓட்டக் கணக்கு 10 முறைக்கு 17 யார்டு. அந்த வரியை மட்டும் பார்ப்பவர், அன்று அவர் அடங்கிப்போனார் என்று எழுதுவார். பிடித்த பந்துகளில் அவர் எடுத்தது 90 யார்டு. உங்கள் பட்டியலைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த 17-உம் 90-உம்தான் நினைவுக்கு வருகின்றன.

ரன்னிங் பேக் என்றால் ஓடுபவர், மற்றவை உபரி என்பது உங்கள் கொள்கையாக இருந்திருந்தால் நான் வாதாட வந்திருக்க மாட்டேன். அது உங்கள் கொள்கை இல்லை என்பதற்கு உங்கள் பட்டியலே ஆதாரம். லென்னி மூரைச் சேர்த்தீர்கள். பால்டிமோர் கோல்ட்ஸில் ஜானி யூனைட்டஸுடன் ஆடிய மூர் ஓடியது 5,174 யார்டு, பிடித்து எடுத்தது 6,039. ஓட்டத்தைவிடப் பிடிப்பு அதிகம். அவரைச் சேர்த்தது முழுக்க முழுக்கச் சரி. மேரியன் மோட்லியைச் சேர்த்தீர்கள். 1946-இல் கிளீவ்லண்ட் பிரவுன்ஸில் கறுப்பின வீரர்களுக்கு மூடியிருந்த கதவைத் திறந்தவர்களில் அவர் ஒருவர். ஓட்டோ கிரகாமின் முன்னால் அவர் சுவராக நின்றதைப் பார்த்தவர்கள் அவருடைய ஓட்டத்தோடு அந்தத் தடுப்பையும் சேர்த்தே பேசினார்கள். அதுவும் சரி. மூரின் பிடிப்பும் மோட்லியின் தடுப்பும் உங்கள் தராசில் எடை பெற்றன என்றால், பிடிப்பு, தடுப்பு இரண்டோடும் 12,279 யார்டு ஓட்டமும் சேர்ந்த ஃபால்க்குக்கு ஏன் எடை இறங்கவில்லை? அவர் பிடித்த பந்துகள் 767, அவற்றில் 6,875 யார்டு. மொத்தம் 136 டச்டவுன்.

பில் பெலிச்சிக் அவர்களே, இந்தப் பகுதி உங்களுக்கு.

26 பேரில் நீங்களும் ஒருவர். பட்டியலைத் தொலைக்காட்சியில் விளக்கியவர்களிலும் ஒருவர். 2001 நவம்பரில் நீங்கள் பயிற்சியாளராக இருந்த பேட்ரியட்ஸ் அணி ராம்ஸிடம் 24-17 என்று தோற்றது. அன்று நீங்கள் குறிவைத்தது குவார்ட்டர்பேக் வார்னரை. ஆளுக்கு மேல் ஆளாக அனுப்பினீர்கள், பலிக்கவில்லை. 2002 பிப்ரவரி 3 அன்று நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோமில் அதே அணியைச் சூப்பர் பவுலில் சந்தித்தீர்கள். உங்கள் அணி 14 புள்ளி வித்தியாசத்தில் தோற்கும் என்று பந்தயக்காரர்கள் கணித்திருந்தார்கள். நீங்கள் குறியை மாற்றினீர்கள். வார்னரை நோக்கிப் போகும் வழியில் முதலில் 28-ஐ இடி, பந்து அவரிடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இடி என்பதே அன்று உங்கள் வீரர்களுக்கு வேலை. பந்தைப் பிடிக்கக் கிளம்பும் முன்பே ஓரத்தில் நின்ற ஆள் ஃபால்க்கின் மேல் மோதியதை நான் எத்தனை முறை ஓட்டிப் பார்த்திருப்பேனோ. வார்னரின் பந்துகள் ஒரு கணம் தாமதமாயின. வினட்டேரியின் கடைசி உதையில் 20-17 என்று வென்றீர்கள். ஒரு பேரரசே அன்றுதான் தொடங்கியது.

அந்த ராம்ஸ் அணியில் எம்.வி.பி. குவார்ட்டர்பேக் இருந்தார். ஐசக் புரூஸும் டோரி ஹோல்ட்டும் இருந்தார்கள். அத்தனை பேர் இருந்தும் இந்த இயந்திரத்தின் அச்சாணி ரன்னிங் பேக்தான் என்று உலகத்துக்கு முதலில் காட்டியவர் நீங்கள். அன்று நீங்கள் போட்ட திட்டத்தைவிட ஃபால்க்குக்குப் பெரிய பாராட்டை நான் எங்கும் படித்ததில்லை. அதே கை 12 பெயரைத் தேர்ந்தெடுத்தபோது அவரைக் கடந்து போனதை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை.

(ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஃபால்க் நியூ ஆர்லியன்ஸில் வறுமையில் வளர்ந்தவர். சிறுவனாக இருந்தபோது அதே சூப்பர்டோமில் பாப்கார்ன் விற்றவர். அங்கேதான் அவரைச் சுற்றி அத்தனை பெரிய பொறி விரிக்கப்பட்டது.)

எதிர்வாதம் எனக்குத் தெரியும். ராம்ஸில் எல்லாமே அவருக்குச் சாதகம், உள்ளரங்க மைதானம், வேகமான தரை, அருமையான ரிசீவர்கள் என்பார்கள். அதற்கு 1998-ஐக் காட்டுகிறேன். இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸ் 3 வெற்றி, 13 தோல்வி. குவார்ட்டர்பேக் அப்போதுதான் கல்லூரியிலிருந்து வந்த பேட்டன் மேனிங். அந்த அணியிலும் ஃபால்க் 1,319 யார்டு ஓடி, 908 யார்டு பிடித்தார். அவரைத்தான் இரண்டு டிராஃப்ட் தேர்வுகளுக்கு (கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு) மாற்றி ராம்ஸுக்குக் கொடுத்தார்கள். அவர் போன பிறகு 1999-இல் கோல்ட்ஸ் 13 ஆட்டம் வென்றதே, அப்படியானால் அவர் இல்லாமலும் அணி நிமிர்ந்ததே என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. மேனிங் தேறிவிட்டார், எட்ஜரின் ஜேம்ஸ் என்ற இன்னொரு பெரும் ரன்னிங் பேக் வந்து சேர்ந்தார் என்பது என் பதில். 4 வெற்றியோடு கிடந்த ராம்ஸ் அதே ஆண்டில் கோப்பையைத் தூக்கியதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

டாம்லின்சனைப் பற்றிச் சுருக்கமாக. 2003-இல் அவர் 1,645 யார்டு ஓடி 100 பந்துகளைப் பிடித்தார். ஆயிரம் யார்டு ஓட்டமும் நூறு பிடிப்பும் ஒரே சீசனில் அதற்கு முன் எவரிடமும் இல்லை. 2006-இல் 31 டச்டவுன். அந்தச் சாதனை இன்னும் அப்படியே நிற்கிறது. அதோடு அந்த ஆண்டு அவரே பந்தை எறிந்து இரண்டு டச்டவுன் கொடுத்தார். ஃபால்க்கையும் டாம்லின்சனையும் ஆட்டத்தின் பெருமக்களுக்கான ஹால் ஆஃப் ஃபேம், தகுதி பெற்ற முதல் ஆண்டிலேயே உள்ளே அழைத்துக்கொண்டது. தர்மன் தாமஸையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1989 முதல் 1992 வரை நான்கு ஆண்டும் ஓட்டம், பிடிப்பு இரண்டையும் கூட்டினால் லீகில் முதலிடம் அவருக்குத்தான். அவருடைய பஃபலோ அணி நான்கு சூப்பர் பவுலில் தோற்றதற்கான விலையை அவர் பெயர் இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

வேலை எப்படி மாறியது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 1978-இல் விதி மாறியது. ஐந்து யார்டுக்கு அப்பால் ரிசீவரை இடிக்கக் கூடாது, தடுப்பு வரிசை ஆட்கள் கையை நீட்டித் தடுக்கலாம் என்றானது. பந்தை எறிவது சுலபமாயிற்று. பயிற்சியாளர் பில் வால்ஷ் சான் ஃபிரான்சிஸ்கோவில் குட்டி எறிதலையே ஓட்டத்துக்குப் பதிலாகப் பயன்படுத்தினார். அங்கிருந்து கிரெய்க், பிறகு தாமஸ், ஃபால்க், டாம்லின்சன், இன்று கிறிஸ்டியன் மெக்காஃப்ரி என்று ஒரு பரம்பரை வருகிறது. உங்கள் பட்டியலில் அந்தப் பரம்பரையில் ஒருவர்கூட இல்லை.

சாண்டர்ஸா ஸ்மித்தா என்ற வழக்கமான சண்டைக்கு வருகிறேன், ஏனென்றால் அதிலும் இதே அளவுகோல்தான் குறுக்கே வருகிறது. சடுகுடு பார்த்து வளர்ந்த எனக்கு பாரி சாண்டர்ஸை யாரும் விளக்கத் தேவைப்படவில்லை. மூன்று பேர் சூழ்ந்த இடத்தில் இடுப்பை ஒடித்து அவர் வெளியே வரும்போது கத்தாமல் இருக்க முடியாது. பந்தோடு ஓடுவது மட்டும்தான் கேள்வி என்றால் அவருக்கு மேல் யாரும் இல்லை. ஆனால் ஒரு ஆட்டத்தை வென்று கொடு என்று கேட்டால் நான் ஸ்மித்தைத்தான் கூப்பிடுவேன். 1994 ஜனவரி 2 அன்று நியூயார்க் ஜயண்ட்ஸுக்கு எதிராகப் பாதி ஆட்டத்துக்கு முன்பே அவருடைய வலத் தோள் மூட்டு விலகிவிட்டது. அந்தத் தோளோடு மொத்தம் 32 முறை ஓடி 168 யார்டு, 10 பந்து பிடித்து 61 யார்டு. கூடுதல் நேரத்தில் டல்லஸ் 16-13 என்று வென்றது. டல்லஸின் தடுப்பு வரிசைதான் ஸ்மித்தை உருவாக்கியது என்பவர்கள் அந்த ஆட்டத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அதே சீசனின் தொடக்கத்தில் சம்பளத் தகராறில் அவர் வராத இரண்டு ஆட்டத்திலும் டல்லஸ் தோற்றது, அவர் வந்த பிறகு அந்த ஆண்டின் சூப்பர் பவுலையே வென்றது என்பதும் பதிவில் இருக்கிறது.

எல்லோருக்கும் மேலே நான் வைப்பது வால்டர் பேட்டனை. அதற்கு 16,726 மட்டும் காரணமில்லை. 492 பந்து பிடித்தார், எட்டு டச்டவுன் எறிந்தார், வந்து மோதும் லைன்பேக்கரை எதிர்கொண்டு சாய்த்தார், 13 சீசனில் ஒரே ஓர் ஆட்டத்தைத்தான் தவறவிட்டார். முழு வேலையையும் அளந்தாலும் முதலில் நிற்பவர் அவர்.

சரி, இருவரைச் சேர்த்தால் யாரை எடுப்பாய் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும். அதற்குப் பதில் சொல்லாமல் இந்த மடலை அனுப்புவது நேர்மையாகாது.

முதலில் எடுக்க வேண்டிய பெயர் டச் கிளார்க்குடையது. 1930-களில் ஆடிய பெரியவர் அவர். அவருடைய ஆற்றலில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவர் அன்றைய ஆட்டமுறையில் பந்தை வாங்கி, ஓடி, எறிந்து, உதைத்து எல்லாவற்றையும் நடத்தியவர். ஹால் ஆஃப் ஃபேமே அவரைக் குவார்ட்டர்பேக் என்றுதான் பதிவு செய்திருக்கிறது. அந்த வரிசையில் வைத்து அவருக்கு மரியாதை செய்யுங்கள். வான் பியூரனைத் தொட மாட்டேன். 1948 இறுதி ஆட்டத்தன்று பனிப்புயலில் ஆட்டம் நடக்காது என்று நினைத்துப் படுத்திருந்தவர், பிறகு பொது வண்டிகள் மாறி மாறி ஏறி, மிச்சத் தூரம் நடந்து மைதானம் வந்து, 7-0 ஆட்டத்தின் ஒரே டச்டவுனைப் போட்டார். சேயர்ஸையும் தொட மாட்டேன். 68 ஆட்டம்தான் என்றாலும் ஓட்டம், பிடிப்பு, எதிரணி உதைத்த பந்தைத் திருப்பிக் கொண்டுவருவது என்று எல்லா வழியிலும் எதிரணியைக் கலங்கடித்தவர் அவர்.

இரண்டாவது இடத்துக்கு ஏர்ல் கேம்பலை எடுக்கச் சொல்வேன். இதை எழுதும்போது மனம் கனக்கிறது. முதல் மூன்று சீசனிலும் லீகிலேயே அதிக ஓட்டம் அவருடையது. 1980-இல் 1,934 யார்டு. அந்தத் தொடைகளின் மீது வந்து விழுந்தவர்கள் தெறித்துப் போனதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஹூஸ்டன் அவரை ஓட வைத்து ஓட வைத்து உடம்பையே தேய்த்துவிட்டது, பிற்காலத்தில் நடப்பதற்கே சிரமப்பட்டார். ஆனால் எட்டு ஆண்டில் அவர் பிடித்தது 121 பந்து, 806 யார்டு. ஃபால்க் 1998-இல் ஒரே சீசனில் அதைவிட அதிக யார்டு எடுத்தார். 12 நாற்காலிதான் என்றால், ஒரு வேலையை அபாரமாகச் செய்தவரைவிட மூன்று வேலையையும் அபாரமாகச் செய்தவருக்கு நான் இடம் தருவேன்.

உங்களிடம் நான் கேட்பது இரண்டு. ரன்னிங் பேக் தேர்வில் எதற்கு எவ்வளவு எடை கொடுத்தீர்கள், ஃபால்க்கைப் பற்றி என்ன விவாதம் நடந்தது என்பதை உங்களில் யாராவது வெளிப்படையாக எழுதுங்கள். அந்த அறையில் இருந்தவர்கள் சொன்னால்தான் உண்டு, காலம் போய்க்கொண்டிருக்கிறது. அடுத்து, நீங்கள் இன்னும் எழுதுகிறீர்கள், டிவியில் பேசுகிறீர்கள், உங்கள் சொல்லுக்கு மதிப்பிருக்கிறது. ரன்னிங் பேக்குகளை வரிசைப்படுத்தும்போது ஓட்டக் கணக்கோடு பிடித்த யார்டையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள், தடுப்பைப் படம் போட்டுக் காட்டுங்கள். 2012-இல் ஏட்ரியன் பீட்டர்சன் வாங்கிய பிறகு எம்.வி.பி. விருது எந்த ரன்னிங் பேக்குக்கும் போகவில்லை. இந்த இடத்தில் ஆடுபவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைக் காண ஆட்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. எனக்கு ஒரு பெரியவர் கற்றுக்கொடுத்தார்.

ராம்ஸ் 2016-இல் இந்த ஊரை விட்டுப் போய்விட்டது. பெரியவரும் வேலையில் ஓய்வு பெற்று மகளோடு வேறு மாநிலத்தில் இருக்கிறார். பட்டியல் வந்த அன்று இரவே தொலைபேசியில் கூப்பிட்டு, "28-ஐ விட்டுட்டாங்களே" என்றார். வயது எண்பதை நெருங்குகிறது. உங்களில் ஒருவர் பதில் எழுதினால் அதை முதலில் அவருக்குத்தான் படித்துக் காட்டுவேன்.

அன்புடன்,
செயின்ட் லூயிஸிலிருந்து ஒரு ரசிகன்